லோங்காங்கை அகலமாக்குவதா, அழுக்கை முதலில் பிடிப்பதா?

எங்கள் தாமான் குடியிருப்பாளர் சங்கம் இந்த ஆண்டு நகராண்மைக் கழகத்திடம் வடிகால் பற்றி ஒரே ஒரு விண்ணப்பம் கொடுப்பதாக முடிவு செய்திருக்கிறது. அதில் என்ன கேட்பது என்பதில்தான் இன்னும் ஒத்த கருத்து இல்லை. கடைவீதிப் பின்சந்து லோங்காங்கை, அதாவது மழைநீர் வடிகாலை, ஆழப்படுத்திக் கான்கிரீட் போடச் சொல்லவேண்டும் என்கிறார்கள் பலர். பழைய ஈயக்குட்டையை (ஈயம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கிய குட்டையை)த் தூர்வாரி மழைத்தண்ணீரை அதில் திருப்பிவிடலாம் என்பது இன்னொரு யோசனை. குப்பை பிடிக்கும் கம்பிக்கூண்டு, புல் வாய்க்கால், வீட்டுக்கு வீடு மழைத்தொட்டி என்றும் பேச்சு வந்தது. இவை அனைத்தையும் ஒரு கேள்வியை வைத்தே இங்கே எடைபோடுகிறேன். ஆற்றுக்குப் போகும் தண்ணீர் இதனால் சுத்தமாகுமா? வெள்ளம் சீக்கிரம் வடியுமா என்பது வேறு கேள்வி. அதற்கு நல்ல பதிலாக இருப்பது இதற்கும் நல்ல பதிலாக இருக்கவேண்டும் என்பதில்லை.

எங்கள் பட்டணத்து லோங்காங் எல்லாம் போய்ச் சேருவது சுங்கை சிலாங்கூரில். கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் குடிக்கும் தண்ணீரில் பாதிக்கு மேல் இந்த ஆற்றிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. பெஸ்தாரி ஜெயா பக்கத்திலுள்ள சுத்திகரிப்பு நிலையங்கள் இதை நம்பியே ஓடுகின்றன. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கத்து ஓடை ஒன்றில் கலந்த கழிவின் நாற்றத்தால் நான்கு நிலையங்களை மூடவேண்டி வந்தது. ஏறக்குறைய 12 லட்சம் தண்ணீர்க் கணக்குகளுக்குக் குழாயில் தண்ணீர் வரவில்லை. அது தொழில் கழிவு. நம் பட்டணத்து மழைத்தண்ணீர் ஒரே நாளில் அவ்வளவு பெரிய கேட்டைச் செய்யாது. ஆனால் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அதே ஆற்றில்தான் கொண்டுபோய்க் கொட்டுகிறது. இன்னும் கீழே கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் கூட்டமாக ஒளிர்வதைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருகிறார்கள். அந்த மின்மினிகளின் புழுக்கள் கரைச் சேற்றில் நத்தைகளைத் தின்று வளர்பவை. கரையும் தண்ணீரும் கெட்டால் அவையும் போய்விடும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். கூட்டத்தில் இரண்டு மூன்று பேர், லோங்காங் தண்ணீரும் எங்கோ ஓரிடத்தில் சுத்திகரிக்கப்படுகிறது என்றே நினைத்திருந்தார்கள். இல்லை. கழிவறைக் குழாய் வேறு, லோங்காங் வேறு. கழிவறைத் தண்ணீர் தாமானின் கழிவுநீர் நிலையத்துக்குப் போகிறது. லோங்காங்கில் விழுவது எதுவும் எங்கும் நிற்காமல் நேரே ஆற்றுக்குப் போகிறது.

மழை பிடித்த முதல் கால் மணி நேரத்தில் கடைவீதிப் பின்சந்தில் குடையோடு நின்று பார்த்தால் மிச்சம் புரிந்துவிடும். முதலில் வருவது கறுப்புத் தண்ணீர். வெயில் நாட்களில் அடியில் உறைந்து கிடந்த கொழுப்பு, கழுவி ஊற்றிய குழம்பு, மோட்டார் பட்டறை வாசலில் சொட்டிய கறுப்பெண்ணெய், சந்தைத் தரையின் மீன் செதில், பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தை விட்டுப்போன கரும்புச் சக்கை, எல்லாம் அந்தத் தண்ணீரோடு உருண்டு வரும். சற்று நேரத்தில் நிறம் மாறும். தோட்டத்து மண்சாலையிலிருந்தும், செம்பனையை வெட்டிச் சாய்த்துப் புது வீடுகள் கட்டும் மேட்டிலிருந்தும் செம்மண் தண்ணீர் வந்து சேரும். மழை நீடித்தால் கடைசியில் ஓரளவு தெளிந்த தண்ணீர் ஓடும்.

இந்த மூன்று கட்டத்துத் தண்ணீரையும் மூன்று கண்ணாடிப் போத்தல்களில் பிடித்து ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். முதல் போத்தலில் மேலே எண்ணெய்ப் படலமும் கீழே கறுப்புச் சகதியும் தங்கும். இரண்டாவதில் மணல் உடனே அடியில் உட்கார்ந்துவிடும். தண்ணீர் மட்டும் மறுநாளும் தே தாரேக் நிறத்திலேயே இருக்கும். மணல் துகள் ஒரு மீட்டர் ஆழம் இறங்க இரண்டு நிமிடம் போதும். வண்டலுக்கு மணிக்கணக்கில் வேண்டும். நுண்ணிய களிமண் துகளுக்கு நாள்கணக்கில், அதற்கு மேலும்கூடப் பிடிக்கும். எந்தச் சாதனம் எதைப் பிடிக்கும் என்பதைப் பெரும்பாலும் இந்த நேரக் கணக்குதான் முடிவு செய்கிறது.

இன்னொரு கணக்கும் வேண்டும். ஜே.பி.எஸ். என்று நாம் சொல்லும் வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் எம்.எஸ்.எம்.ஏ. என்ற நகர மழைநீர் மேலாண்மைக் கையேடு, 2012ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில், நீர்த்தரத்துக்கான அளவாக 40 மில்லிமீட்டர் மழையை எடுத்துக்கொள்கிறது. அழுக்கில் பெரும்பகுதி அதற்குள் அடித்துவரப்பட்டுவிடும் என்பதுதான் காரணம். கடைவீதியும் சுற்றியுள்ள தாமானும் சேர்ந்து பத்து ஏக்கர், அதாவது சுமார் 4 ஹெக்டர், என்று வைத்துக்கொள்வோம். 40 மில்லிமீட்டர் மழையில் அதன்மேல் விழும் தண்ணீர் 1,600 கன மீட்டர், 16 லட்சம் லிட்டர். அதில் கடைவீதி, சந்தை, பட்டறை வரிசை மட்டும் ஒன்றரை ஏக்கர் என்றால் அதன் பங்கு சுமார் 240 கன மீட்டர்தான். கறுப்புத் தண்ணீர் பெரும்பாலும் அந்த ஒன்றரை ஏக்கரிலிருந்தே வருகிறது. இந்த இரண்டு எண்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு யோசனையையும் பார்க்கலாம்.

கான்கிரீட் லோங்காங்

2021 டிசம்பர் வெள்ளத்தில் சிலாங்கூர் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் லோங்காங்கை ஆழமாக்கச் சொல்வதில் வியப்பில்லை. வீட்டுக்குள் தண்ணீர் வந்த குடும்பத்திடம் ஆற்றின் சுத்தத்தைப் பற்றிப் பேச எனக்கும் வாய் வராது. பள்ளி முனையில் மதகு குறுகலாக இருந்து தண்ணீர் எதிர்த்து ஏறும் இடத்தை அகலமாக்கத்தான் வேண்டும்.

ஆனால் முழு லோங்காங்கையும் வழவழப்பான கான்கிரீட்டாக மாற்றினால் நீர்த்தரம் கூடாது, குறையும். வேகம் ஏறுவதால் வழியில் எங்கும் மண் படியாது. கறுப்புத் தண்ணீர் இன்னும் சீக்கிரமாக ஆற்றில் விழும். லோங்காங் முடியும் இடத்தில் ஆற்றுக்கரை அரித்து இன்னும் செம்மண் கரையும். 1975ஆம் ஆண்டின் பழைய வடிகால் விதிமுறை, மழைத்தண்ணீரை வந்த வேகத்தில் வெளியேற்றச் சொன்னது. 2001இல் நடைமுறைக்கு வந்த எம்.எஸ்.எம்.ஏ. அந்தப் போக்கையே மாற்றி, விழுந்த இடத்திலேயே தண்ணீரைத் தடுத்து மெதுவாக விடச் சொல்கிறது. நாடே கைவிட்ட முறையை நாம் விண்ணப்பம் போட்டுக் கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. மதகைத் தனியாகக் கேட்போம்; அது பராமரிப்பு வேலை, அவசர வேலை. இந்த விண்ணப்பத்தை அதற்குச் செலவழிக்க வேண்டாம்.

குப்பைக் கூண்டு

லோங்காங் ஆற்றில் சேரும் இடத்தில் கம்பிக்கூண்டு வைத்தால் போத்தல், பிளாஸ்டிக் பை, வாழையிலை, தேங்காய் மட்டை எல்லாம் அதில் மாட்டும். கண்ணுக்குத் தெரியும் பலன். அதனால்தான் தலைவர்களுக்கும் இது பிடிக்கிறது. மிதக்கும் குப்பையில் 90 விழுக்காட்டைப் பிடிக்கவேண்டும் என்பது எம்.எஸ்.எம்.ஏ. குறிக்கோள், நல்ல கூண்டால் அது முடியும். ஆனால் கரைந்த அழுக்கு, எண்ணெய், அமோனியா, களிமண் ஆகியவற்றுக்குக் கூண்டு ஒரு தடையே இல்லை. கம்பிகளுக்கு நடுவே புகுந்து போய்விடும். வாரம் ஒருமுறையாவது அள்ளாவிட்டால் மாட்டிய குப்பை அங்கேயே அழுகி, கூண்டே சாக்கடையின் ஊற்றாகிவிடும். அடைத்துக்கொண்டு தண்ணீர் எதிர்த்து ஏறினால் பின்சந்து வீடுகள்தான் முதலில் முழுகும். அள்ளும் வேலையைத் துப்புரவு ஒப்பந்தத்தில் எழுத்தில் சேர்த்த பிறகு கேட்கலாம். அதுவரை வேண்டாம்.

ஈயக்குட்டை

எனக்கு மிகவும் ஆசையாக இருக்கும் யோசனை இதுதான். அதனாலேயே கூடுதல் கவனத்தோடு பார்க்கிறேன்.

குட்டைக்குள் தண்ணீர் நாள்கணக்கில் நிற்கும். செம்மண் தண்ணீரின் வண்டலும் களிமண்ணின் ஒரு பகுதியும் அங்கே படியும். ஓரங்களில் நாணலும் கோரையும் வளர்ந்தால் தண்ணீரில் கரைந்த நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் அவை உறிஞ்சிக்கொள்ளும். தோட்டத்து உரம் கழுவிவரும் ஊருக்கு இது பெரிய உதவி. புத்ராஜெயாவில் ஏரிக்கு மேலே சுமார் 200 ஹெக்டரில் 24 சதுப்புப் பகுதிகளைக் கட்டி, ஏரிக்குள் போகும் தண்ணீரை அவற்றின் வழியாக விட்டது இந்த எண்ணத்தில்தான். அங்கேயும் முன்பு செம்பனையும் ரப்பரும் இருந்தன. நிபோங் தெபாலிலுள்ள யு.எஸ்.எம். (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) பொறியியல் வளாகத்தில் புல் வாய்க்கால், வறண்ட குட்டை, நீர்க்குட்டை, சதுப்பு என்று வரிசையாக அமைத்து, வளாகத்து மழைத்தண்ணீரைப் படிப்படியாக அவற்றின் வழியே விட்டிருக்கிறார்கள். பார்க்க விரும்புகிறவர்கள் பினாங்குக்குப் போகும் வழியில் போய்ப் பார்த்து வரலாம்.

ஆனால் நம் ஈயக்குட்டை புத்ராஜெயா ஏரி இல்லை. அதன் கரை செங்குத்து. இரண்டடி எடுத்து வைத்தால் காலுக்குத் தரை கிடைக்காது. சதுப்புச் செடிகளுக்கு முழங்கால் அளவு தண்ணீர்தான் வேண்டும். ஆகவே கரையை வெட்டிச் சாய்த்து, ஓரத்தில் ஆழமில்லாத திட்டு கட்டாமல் செடி நிற்காது. தண்ணீர் நுழையும் வாயில் மண் பிடிக்க ஒரு சிறு முன்குட்டை வேண்டும். லாரி வந்து அள்ளிப்போக அதுவரை வழியும் வேண்டும். இல்லாவிட்டால் சில ஆண்டுகளில் குட்டை முழுதும் தூர்ந்துவிடும். ஆகாயத்தாமரை ஒருமுறை நுழைந்தால் தண்ணீரையே மூடி, கீழே உயிர்க்காற்று இல்லாமல் செய்துவிடும். பிள்ளைகள் குளிக்க இறங்காமல் இருக்க வேலி வேண்டும். ஈயக்குட்டைகளில் பிள்ளைகளை இழந்த குடும்பங்களை நம் சமூகத்தில் எல்லோரும் அறிவோம். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் நில அலுவலகத்தில் பார்க்கவேண்டும். இவை எல்லாம் தீர்க்கக்கூடியவையே. ஆனால் ஆண்டுகள் பிடிக்கும்.

இன்னொரு காரணம் எனக்கு இன்னும் முக்கியம். பின்சந்துக் கொழுப்பையும் பட்டறை எண்ணெயையும் நிறுத்தாமல் குட்டையைத் திறந்துவிட்டால், ஆற்றுக்குப் போன அழுக்கு குட்டைக்குப் போகும், அவ்வளவே. மீன் செத்து மிதக்கும். கொசுப் புழுவைத் தின்ன மீன் இல்லாத குட்டை, கொசுத் தொல்லை உள்ள ஊரில், இருப்பதைவிட இல்லாமல் இருப்பதே மேல்.

புல் வாய்க்கால்

அகலமான, ஆழம் குறைந்த, புல் போட்ட வாய்க்கால். தண்ணீர் மெதுவாக நகர்வதால் மணலும் வண்டலும் புல்லில் தங்கும். அடியில் மணல் கலந்த மண்ணும் துளைக்குழாயும் போட்டு, மேலே செடி வைத்தால் எண்ணெயையும் உலோகத்தையும்கூட மண் பிடித்துக்கொள்ளும். நம் ஊர் மண் களி கலந்தது, தண்ணீரைச் சீக்கிரம் இழுக்காது. ஆகவே துளைக்குழாய் இல்லாமல் வைத்தால் அது கொசுக்குட்டையாகிவிடும்.

எங்கே வைப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வரிசை வீட்டு வாசலில் இது நடக்காது. இருபது அடிக்கு ஒரு வீடு, ஒவ்வொரு வீட்டுக்கும் கார் ஏறும் பாலம். புல்லுக்கு மிஞ்சுவது துண்டு துண்டான இடம், அதையும் ஒரே ஆண்டில் சிமெண்ட் பூசிவிடுவார்கள். ஆனால் பள்ளித் திடலோரம், கோயில் வேலியோரம், கடைவீதிக் கார் நிறுத்தத்துக்கும் பெரிய சாலைக்கும் நடுவிலுள்ள நீண்ட இடம் ஆகியவை இதற்காகவே விட்டதுபோல் இருக்கின்றன. கார் நிறுத்தத்து விளிம்புக் கல்லில் சில இடங்களில் வாய் வெட்டிவிட்டால் தண்ணீர் தானே புல்லுக்குள் இறங்கும். புல்வெட்டும் ஆட்கள் ஏற்கெனவே அங்கே வருகிறார்கள். மொட்டையாக வழித்துவிடாமல் நான்கு விரல் உயரம் விட்டு வெட்டச் சொன்னால் போதும். புது வீடு கட்டும் மேட்டிலிருந்து செம்மண் இறங்கிக்கொண்டிருக்கும் வரை மணல் அடுக்கைப் போடக்கூடாது, அடைத்துவிடும். முதலில் வெறும் புல் வாய்க்கால், கட்டுமானம் முடிந்த பிறகு மணலும் செடியும்.

மழைத்தொட்டி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையிலிருந்து 40 மில்லிமீட்டர் மழைக்கு 4,000 லிட்டர் வரும். கார் கழுவ, செடிக்கு ஊற்ற, தண்ணீர் நிற்கும் நாளில் கழிவறைக்கு ஊற்ற அருமையானது. வாயில் வலை கட்டாயம். ஆனால் கூரைத் தண்ணீர்தான் ஊரிலேயே சுத்தமானது. அதைத் தடுப்பதால் ஆற்றின் அழுக்கு பெரிதாகக் குறையாது. விரும்பியவர்கள் வைத்துக்கொள்ளட்டும்.

அழுக்கு பிறக்கும் இடம்

மேலே சொன்ன எதுவும் வெயில் நாளில் வேலை செய்யாது. பின்சந்துக் கொழுப்போ வெயில் நாளில்தான் சேருகிறது. வாழையிலைச் சாப்பாட்டுக்கடை அக்காவிடம் இதைப் பேசினேன். “மழை வந்தா எல்லாத்தையும் அடிச்சிக்கிட்டுப் போயிரும் தம்பி, நாங்க தனியா வேற என்னா செய்யணும்?” என்றார். அவர் சொன்னதில் தவறு இல்லை. இத்தனை ஆண்டுகளில் யாரும் அவரிடம் வேறு மாதிரி சொன்னதும் இல்லை.

கழுவுதொட்டிக்குக் கீழே எண்ணெய்ப்பொறி வைப்பதே இதற்கு மருந்து. மூன்று அறை கொண்ட பெட்டி. முதல் அறையில் சோற்றுப் பருக்கையும் கறிவேப்பிலையும் கூடையில் தங்கும். நடு அறையில் தண்ணீர் நிதானமாகி ஆறும்போது கொழுப்பு மேலே மிதக்கும். கடைசி அறையின் குழாய் அடியிலிருந்து தண்ணீரை எடுப்பதால் மேலே மிதப்பது வெளியே போகாது. பெட்டி சின்னதாக இருந்தாலோ, அண்டா அண்டாவாகக் கொதிநீரை ஊற்றினாலோ கொழுப்பு உருகித் தப்பிவிடும். மேலே திரண்டதை வாரந்தோறும் அள்ளிப் பையில் கட்டிக் குப்பையில் போடவேண்டும். அள்ளிப் பின்சந்தில் ஊற்றினால் எல்லாம் வீண். உணவுக்கடை லைசென்சுக்கு எண்ணெய்ப்பொறி வேண்டும் என்பது பல நகராண்மைக் கழகங்களின் நிபந்தனை. ஆகவே புதுச் சட்டம் எதையும் கேட்கத் தேவையில்லை. பொரித்த எண்ணெயைக் காசு கொடுத்து வாங்கிப்போக ஆட்கள் இருக்கிறார்கள். அதை ஊற்றுவது நஷ்டமும்கூட.

பட்டறைகளின் கறுப்பெண்ணெய் 2005ஆம் ஆண்டு விதிமுறைப்படி அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவு. பீப்பாயில் சேர்த்து உரிமம் பெற்றவரிடம்தான் கொடுக்கவேண்டும். சந்தைத் தரையைக் கழுவும் தண்ணீரை லோங்காங்கில் விடாமல் வலை வழியாகக் கழிவுநீர்க் குழாயில் சேர்ப்பது ஒருமுறை செய்யும் குழாய் வேலை. கிள்ளான் ஆற்றைச் சீராக்கும் திட்டத்திலும் சந்தைகளின் கழிவுநீரைத் தனியாகக் கவனித்திருக்கிறார்கள். பாசார் மாலாம் முடிந்த இரவே தரையை உலர்வாகப் பெருக்கி அள்ளிவிட்டால் பாதி வேலை முடிந்தது. குழாயைப் பிடித்து அடித்துக் கழுவினால் அது மழை செய்யும் வேலையை நாமே செய்வது.

தோட்டத்துப் பக்கத்தையும் விடமுடியாது. செம்மண்ணுக்கு வேர் அங்கேயும் இருக்கிறது. ஓலைகளைச் சரிவுக்குக் குறுக்கே அடுக்குவது, நிரைகளுக்கு நடுவே மண் பிடிக்கும் குழி வெட்டுவது, கொடிப் பயிர் படரவிடுவது எல்லாம் நம் அப்பா, தாத்தா காலத்துக்கு முன்பே தோட்டங்களில் இருந்த வேலைதான். ஓடைக்கரையை ஒட்டிச் செம்பனை நடாமல் விடவேண்டிய அகலத்துக்கும் ஜே.பி.எஸ். வழிகாட்டி உண்டு: 5 மீட்டருக்குக் குறைந்த ஓடைக்கு இரு கரையிலும் 5 மீட்டர், 40 மீட்டருக்கு மேற்பட்ட ஆற்றுக்கு 50 மீட்டர். பெருமழை மாதங்களில் உரம் போடுவதைத் தள்ளிவைக்கச் சொல்லி மேனேஜரிடம் சங்கமே நேரில் பேசலாம். இதற்கு விண்ணப்பம் வேண்டாம். புது வீடுகள் கட்டும் மேட்டில் மண் தடுப்பும் வண்டல் குட்டையும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று கேட்பது மட்டும் நகராண்மைக் கழகத்தின் வழியாகவே நடக்கவேண்டும்.

ஆகவே விண்ணப்பத்தில் நான் கேட்கச் சொல்வது கடைவீதியின் ஒன்றரை ஏக்கரை: கடைகளுக்கு எண்ணெய்ப்பொறிச் சோதனை, சந்தைக்குக் குழாய் மாற்றம், கார் நிறுத்தத்தோரம் புல் வாய்க்கால், மூன்றும் ஒரே தொகுப்பாக. 16 லட்சம் லிட்டரைத் துரத்துவதைவிட அதில் ஏழில் ஒரு பங்கைப் பிடிப்பது நம்மால் முடிகிற காரியம். மேட்டின் மண் தடுப்பை இணைப்புக் கடிதமாக வைக்கலாம். ஈயக்குட்டையை அடுத்த ஆண்டுக்கு எடுத்துக்கொள்வோம். நில விவரத்தை இப்போதே யாராவது பார்த்து வைத்தால் அப்போது நேரம் வீணாகாது.

சிறு கடைக்காரர்களுக்குப் பெட்டி வாங்கும் செலவு பாரமாகுமே என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. பக்கத்துப் பக்கத்துக் கடைகள் இரண்டு மூன்று சேர்ந்து ஒரு பெரிய பொறியைப் பின்சந்தில் புதைத்துக்கொள்ளலாம். செலவும் குறையும், கொதிநீர் ஆறவும் இடம் கிடைக்கும். ஆனால் எந்தக் கடை எந்த வாரம் அள்ளும் என்பதை எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே குழி தோண்டவேண்டும். அந்தத் தாளையும் விண்ணப்பத்தோடு சேர்த்தால் அதிகாரிகள் மறுப்பதற்குக் காரணம் குறையும். கூட்டத்துக்கு வரும் கடைக்காரர்கள் தங்கள் கழுவுதொட்டிக் குழாய் எந்தப் பக்கம் இறங்குகிறது என்பதைப் பார்த்துவிட்டு வந்தால், படத்தை அன்றைக்கே வரைந்துவிடலாம்.